சேர்ந்து காய்ச்சும் பீர்

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர்கள் பெரும்பாலும் ஒரு தடவைக்கு ஐந்து கேலன் காய்ச்சுகிறார்கள். லிட்டரில் சொன்னால் சுமார் 19. பாட்டிலில் அடைத்தால் 355 மில்லி அளவில் ஐம்பது பாட்டில் வரும். ஒருவர் தனியாகக் குடித்துத் தீர்க்கும் அளவல்ல இது, தீர்க்கவும் கூடாது. ஐந்து லிட்டர் காய்ச்சினாலும் அடுப்படியில் நிற்கும் நேரமும் பாத்திரம் கழுவும் வேலையும் ஏறக்குறைய அதேதான் என்பதால், அளவைக் குறைக்கப் பலருக்கு மனம் வருவதில்லை. ஆகவே முதல் வாளி நுரைக்கத் தொடங்கும்போதே இதை யார் யாருக்குக் கொடுப்பது என்ற யோசனையும் தொடங்கிவிடுகிறது. நண்பர்கள், பக்கத்து வீட்டார், கூட வேலை செய்பவர்கள் என்று பாட்டில்கள் கை மாறுகின்றன. வாங்கிப் போனவர்களில் ஒருவர் திரும்பி வந்து, அடுத்த முறை காய்ச்சும்போது தானும் வந்து பார்க்கலாமா என்று கேட்கிறார். இந்தப் பொழுதுபோக்கு நாடு முழுவதும் பரவியது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

இப்படிக் கொடுப்பதற்கும் கற்பிப்பதற்கும் நெடுங்காலம் சட்டத்தில் இடமில்லை. அமெரிக்காவில் 1920-ல் வந்த மதுவிலக்கு 1933 டிசம்பரில் முடிந்தது. அதன் பிறகு வீட்டில் ஒயின் செய்துகொள்ள அனுமதி கிடைத்தது. பீர் அந்த அனுமதியில் விடுபட்டுப்போனது. அடுத்த 45 ஆண்டுகளும், கடையில் மால்ட் பாகு டப்பா வாங்கி வந்து, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டைத் தூவி, நிலவறையில் நொதிக்க வைத்தவர்கள் எல்லாருமே சட்டத்தின் கண்ணில் குற்றவாளிகள். பிரிட்டனிலும் 1880 முதல் வீட்டில் காய்ச்ச உரிமம் தேவைப்பட்டது. 1963-ல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அந்த உரிமத்தை ஒழித்தார். அமெரிக்கா இன்னும் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தது. கலிஃபோர்னியா செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன் கொண்டுவந்த திருத்தம் அடங்கிய மசோதாவில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபர் 14 அன்று கையெழுத்திட்டார். 1979 பிப்ரவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வயது வந்தவர் ஒருவரே உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலன். இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன்.

அந்த விதிகளில் கவனிக்க வேண்டிய ஓர் அம்சம் உண்டு. வீட்டில் காய்ச்சியதை விற்கக் கூடாது, விற்பனைக்கு வைக்கவும் கூடாது என்று திட்டவட்டமாகச் சொல்லும் அதே மத்திய விதி, சுவைபார்க்கும் கூட்டங்களுக்கும் போட்டிகளுக்கும் அதை வெளியே எடுத்துச் செல்ல இடம் தருகிறது. அதாவது காசு வாங்காமல் பகிர்வதை விதியே ஏற்றுக்கொண்டுவிட்டது. மாநிலங்கள் தத்தம் சட்டத்தைத் திருத்த மேலும் காலம் பிடித்தது. கடைசியாக இறங்கிவந்த மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-ல்தான் அனுமதித்தன. இந்தியாவில் மது மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம்; சொந்தக் குடிப்புக்கு ஒரு வாளி பீர் காய்ச்சினாலும் அப்படித்தான். கடல் கடந்து குடியேறியிருக்கும் தமிழர்களும் தாங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதில் கை வைக்க வேண்டும்.

சட்டம் வருமுன்பே சொல்லிக்கொடுப்பவர்கள் வந்துவிட்டார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் மால்ட்டோஸ் ஃபால்கன்ஸ் என்ற சங்கம் 1974-லேயே தொடங்கியது. அமெரிக்காவில் இன்றுள்ள வீட்டுப் பீர்ச் சங்கங்களில் மூத்தது அது. கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் சார்லி பபாஸியன் என்ற பள்ளி ஆசிரியர் எழுபதுகளில் மாலை வகுப்பு வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் பீர் காய்ச்சக் கற்றுக்கொடுத்தார். அவரே வர்ஜீனியாவில் கல்லூரியில் படித்த காலத்தில், மதுவிலக்குக் காலத்து முறையில் காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு முதியவரிடமிருந்துதான் இதைத் தெரிந்துகொண்டார். 1978 டிசம்பரில் அவர் நண்பரோடு சேர்ந்து அமெரிக்க வீட்டுப் பீர்க்காரர்கள் சங்கத்தை நிறுவினார். ஸைமர்ஜி என்ற இதழும் அதோடு பிறந்தது. 1984-ல் அவருடைய கையேடு பெரிய பதிப்பகத்தின் வழியே புத்தகமாக வந்தது. அதற்கு முன்பும் பின்பும் துல்லியமான தொழில்நுட்ப நூல்கள் பல வந்திருக்கின்றன. பபாஸியனின் புத்தகம் தலைமுறைகளைத் தாண்டி நின்றதற்குக் காரணம் வேறு: புதியவருக்கு முதல் தடை அறியாமை அல்ல, பயம் என்பதை அவர் வகுப்பறையிலேயே கண்டுகொண்டிருந்தார். கெட்டுப்போய்விடுமோ, வெடித்துவிடுமோ, குடித்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தைத் தணிப்பதையே முதல் பாடமாக வைத்தார்.

அந்தப் பயம் தமிழ் வாசகருக்குக் கூடுதலாகவே இருக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அது வேறு, இது வேறு. பீரில் காய்ச்சி வடித்தல் கிடையாது. தானியத்தின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று எத்தனாலும் கரியமில வாயுவும் ஆக்குகிறது. மால்ட்டிலிருந்து உருவாகும் மெத்தனால் பொருட்படுத்த வேண்டிய அளவில் இருப்பதில்லை. ஆலை மெத்தனாலைக் கலப்பதும், தெரியாமல் வடிப்பதும்தான் உயிரைப் பறிக்கின்றன. அமெரிக்காவிலும் வீட்டில் பீர் காய்ச்சலாமே தவிர, உரிமமில்லாமல் சாராயம் வடிப்பதை மத்திய சட்டம் குற்றமாகவே வைத்திருக்கிறது. பீர் கெட்டால் புளிக்கும், நாறும், வாயில் வைக்க முடியாது. அதன் அமிலத்தன்மையும் ஆல்கஹாலும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் சேர்ந்து, நோய் தரும் கிருமிகளைப் பெரும்பாலும் அண்டவிடுவதில்லை.

புதியவரை இந்தக் கலைக்குள் கொண்டுவர ஒரு கிளாஸ் பீரை நீட்டுவதைவிட, காய்ச்சும் நாளில் வேலைக்குக் கூப்பிடுவது மேல். பீரை ரசித்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் ஏராளம். கரண்டியைப் பிடித்தவர்கள்தான் திரும்பி வருகிறார்கள். இதை மனத்தில் வைத்தே அமெரிக்கச் சங்கம் 1999 முதல் நவம்பர் முதல் சனிக்கிழமையை வீட்டுப் பீர் கற்கும் நாளாக நடத்துகிறது. காய்ச்சத் தெரிந்தவர்கள் அன்று அடுப்பை வாசலுக்கோ, கொல்லைப்புறத்துக்கோ, கடை முன்னாலோ கொண்டுவந்து, தெரியாதவர்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

பழகியவர்கள் அரைத்த பார்லி மால்ட்டை 65 முதல் 68 டிகிரி சூட்டில் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, அதிலுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றி, சாற்றை வடிகட்டி எடுத்துக்கொள்வார்கள். புதியவருக்கு அன்றைக்கு அது வேண்டாம். அந்த வேலையை ஆலையிலேயே முடித்து உலர்த்திய மால்ட் தூள் கடையில் கிடைக்கிறது. 2.7 கிலோ தூள், ஐம்பது அறுபது கிராம் ஹாப்ஸ், 11.5 கிராம் ஈஸ்ட் பாக்கெட் ஒன்று, தண்ணீர்: 19 லிட்டர் முதல் பீருக்கு இவ்வளவு போதும். தண்ணீர் கொதி வருமுன் அடுப்பை அணைத்துவிட்டுத் தூளைக் கொட்டிக் கலக்க வேண்டும். எரியும்போது கொட்டினால் அடியில் பிடித்துக் கருகும், ஆவி பட்டுத் தூள் கட்டி கட்டியாகிவிடும். மறுபடி அடுப்பை மூட்டிய பிறகு யாரும் நகரக் கூடாத சில நிமிடங்கள் வரும். மேலே பழுப்பு நிற நுரை படர்ந்து, சட்டென்று விளிம்பு வரை எழும்பும். அப்போது தீயைக் குறைத்து, ஒரு கை தண்ணீர் தெளித்து, கரண்டியால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த இடத்தில் கரண்டி புதியவர் கையில் இருக்க வேண்டும். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பவருக்குத் தானே வாங்கிச் செய்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும்; வாங்காமல் இருப்பதுதான் நல்ல ஆசிரியருக்கு அடையாளம்.

நுரை அடங்கியதும் கொதி சீராகிவிடும். ஹாப்ஸின் முதல் பங்கைப் போடும் நேரம் அது. ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் நெடுநேரம் கொதித்தால்தான் உருமாறிக் கரைந்து கசப்பாகும். மணம் தரும் எண்ணெய்களோ கொதித்தால் ஆவியாகப் போய்விடும். அதனால் கசப்புக்கு உரியது தொடக்கத்தில், மணத்துக்கு உரியது கடைசி ஐந்து நிமிடத்தில். இந்த ஒரு மணி நேரக் கொதியில் செய்ய வேலை அதிகமில்லை. பேச வேண்டியதெல்லாம் அப்போதுதான் பேசப்படும். ஹாப்ஸ் துணுக்கை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்ப்பார்கள். மால்ட் தானியத்தை வாயில் போட்டு மெல்லுவார்கள். ஒரு ஹாப்ஸ் வகையில் எலுமிச்சை, மற்றொன்றில் பைன் பிசின், இன்னொன்றில் மாம்பழம் என்று மூக்கே பாடம் படித்துக்கொள்ளும். வந்தவர்களின் நாய் சுற்றிக்கொண்டிருந்தால் ஹாப்ஸையும் கொதித்த சக்கையையும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். அது நாய்களுக்கு உடல் வெப்பத்தைத் தாறுமாறாக ஏற்றிக் கொன்றுவிடக்கூடிய நஞ்சு. கேஸ் அடுப்பைக் கார் கொட்டகைக்குள் எரிப்பதும் கூடாது. பலர் கூடும் நாளில் இந்த இரண்டும் மறந்துபோகக்கூடியவை.

அடுப்பை அணைத்த கணத்திலிருந்து விதிகள் மாறுகின்றன. அதுவரை கொதி எல்லாக் கிருமியையும் பார்த்துக்கொண்டது. இனிமேல் சாற்றைத் தொடும் கரண்டி, குழாய், வாளி, மூடி எல்லாமே கழுவி, கிருமிநீக்கித் திரவத்தில் நனைத்தவையாக இருக்க வேண்டும். உதவி செய்ய ஆசைப்பட்டு யாராவது தன் கிளாஸை நேரே உள்ளே விட்டு முகந்தால் அன்றைய உழைப்பு வீணாகலாம். செம்புச் சுருள் குழாயில் குளிர்ந்த நீரை ஓட்டி, சாற்றை 20 டிகிரிக்குக் கொண்டுவந்ததும் அதன் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்க விடுவார்கள். மேலே சொன்ன அளவில் அது 1.053 அருகில் நிற்கும். நொதித்து முடிந்தபின் 1.012-க்கு இறங்கினால் ஆல்கஹால் 5.4 சதவீதம் என்று கணக்கு. அந்த முதல் எண்ணைப் புதியவரே தன் கையால் எழுதி வைக்கட்டும். இரண்டு வாரம் கழித்து அது எவ்வளவு இறங்கியது என்று பார்க்க அவர் கட்டாயம் வருவார்.

பிறகு ஈஸ்ட். இதைத் தூவிய பின்னர் பீர் ஆக்குவது மனிதர் வேலையே இல்லை. ஒரு வாளி பீர் முடிந்ததும் அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டல், போட்டதைப்போல் பல மடங்கு இருக்கும். நல்ல வண்டலை ஒரு சுத்தமான ஜாடியில் எடுத்து நண்பருக்குக் கொடுத்தால் அவர் அடுத்த வாளியைத் தொடங்கிவிடலாம். பக்கத்து வீட்டில் உறை மோர் வாங்கித் தயிர் தோய்த்த பழக்கம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பகிர்வு தலைமுறை தலைமுறையாக அறுபடாமல் நடந்த இடம் மேற்கு நார்வே. அங்கே வோஸ், ஹர்டாங்கர் பகுதிப் பண்ணைகளில் குவைக் எனப்படும் ஈஸ்ட்டை மரவளையங்களில் தோய்த்து உலர்த்தி, அடுத்த முறை காய்ச்சும் வரை தொங்கவிட்டு வைத்தார்கள். ஒரு பண்ணையில் ஈஸ்ட் கெட்டுப்போனால் அடுத்த பண்ணையில் கேட்டு வாங்குவதுதான் வழக்கம். ஈஸ்ட்டை ஊற்றும்போது வாளியைப் பார்த்து உரக்கக் கத்தும் வழக்கமும் பல பண்ணைகளில் இருந்தது. சாதாரண ஏல் ஈஸ்ட் 20 டிகிரியை வெகுவாகத் தாண்டினால் முகம் சுளிக்கும். குவைக் 35, 40 டிகிரியிலும் கெட்ட வாடையின்றி இரண்டு மூன்று நாளில் வேலையை முடித்துவிடும். லார்ஸ் மாரியுஸ் கார்ஷோல் என்பவர் பண்ணை பண்ணையாகப் போய் இந்த மரபைப் பதிவு செய்தார். வோஸ் நகரின் சிக்முண்ட் யெர்னஸ் போன்றவர்கள் கேட்டவர்களுக்குத் தங்கள் குடும்ப ஈஸ்ட்டைத் தயங்காமல் கொடுத்தார்கள். 2018-ல் வெளிவந்த மரபணு ஆய்வு, குவைக் தனிக் கிளையைச் சேர்ந்த பழக்கப்படுத்தப்பட்ட ஈஸ்ட் என்று காட்டியது. பண்ணைக்காரர்கள் அதைப் பூட்டி வைத்திருந்தால், ஒரு குடும்பத்தின் சேமிப்பு அழியும்போது அந்த வகையும் அதோடு அழிந்திருக்கும். இன்று உலகம் முழுக்க வீட்டுப் பீர்க்காரர்களின் குளிர்பெட்டிகளில் அது உயிரோடு இருப்பது கொடுத்த கைகளால்தான்.

பாட்டிலில் அடைக்கும் நாளும் கூட்டத்துக்கு உரியது. ஒருவர் சைஃபன் குழாயைப் பிடிக்க, ஒருவர் நிரப்ப, மற்றவர் மூடி அழுத்த, ஐம்பது பாட்டில் ஒரு மணி நேரத்தில் முடியும். தனியாள் என்றால் அரை நாள் போய்விடும். அடைக்குமுன் 110 முதல் 120 கிராம் சர்க்கரையைக் கொதிநீரில் கரைத்து 19 லிட்டருக்கும் பொதுவாகக் கலக்க வேண்டும். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று பாட்டிலுக்குள் வாயுவை உண்டாக்கும். நொதித்தல் முழுதாக முடியாமல் அடைத்தாலும், சர்க்கரையைக் கண்ணளவில் போட்டாலும் அழுத்தம் கூடிக் கண்ணாடி வெடிக்கும். வெடித்தால் சிறு சில்லுகூடக் கண்ணைப் பறிக்கக்கூடும். இந்த இடத்தில் மட்டும் பயம் நியாயமானது. ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் இடைவெளியில் ஒரே எண்ணைக் காட்டிய பிறகே அடைக்க வேண்டும் என்பதைப் புதியவருக்கு அழுத்திச் சொல்ல வேண்டும்.

அறை வெப்பத்தில் இரண்டு வாரம் இருந்தபின் பாட்டில் திறக்கலாம். இங்கே மற்றவர்களின் நாக்கு தேவைப்படுகிறது. தன் வீட்டுப் பீரையே தொடர்ந்து குடிப்பவருக்கு அதன் குறை பழகிப்போய்விடும். பாப்கார்ன் வெண்ணெய் வாசம் தரும் டைஅசிட்டைலைச் சிலருடைய மூக்கு இயல்பாகவே கண்டுகொள்வதில்லை. பச்சை ஆப்பிள் வாசம் வந்தால் ஈஸ்ட் தன் வேலையை முடிக்குமுன் எடுத்துவிட்டதாகக் கொள்ளலாம். மருத்துவமனை நெடி வந்தால் குழாய்த் தண்ணீரின் குளோரினைச் சந்தேகிக்க வேண்டும். வெயில் பட்ட பீரில் ஹாப்ஸ் சேர்மங்கள் ஒளியால் சிதைந்து ஸ்கங்க் நாற்றம் கிளம்பும்; பழுப்புக் கண்ணாடியின் காரணம் அதுதான். இவற்றை ஒருவர் தானாகக் கண்டுபிடிக்க ஆண்டுகள் ஆகலாம். அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மிடறு குடித்துச் சொன்னால் ஒரு மாலையில் தெரிந்துவிடும். சங்கங்களின் மாதக் கூட்டங்களுக்கு உண்மையான பயன் இதுவே.

அப்படிச் சொல்வதற்கு ஒரு முறையும் வகுத்திருக்கிறார்கள். 1985-ல் தொடங்கிய பீர் நடுவர் சான்றளிப்புத் திட்டத்தின் மதிப்பெண் தாளில் மொத்தம் 50: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. எண்ணைவிட, ஒவ்வொரு வரியிலும் என்ன உணர்ந்தார், எதை மாற்றலாம் என்று நடுவர் எழுதும் குறிப்பே மதிப்புள்ளது. நண்பர் வட்டத்தில் எல்லாரும் அருமை என்றே சொல்வார்கள்; அது அன்பு, உதவியல்ல. முதல் பீரைக் கொண்டுவரும் புதியவரிடமும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். குறையோடு காரணத்தையும் திருத்தும் வழியையும் சேர்த்துச் சொன்னால் யாரும் மனம் உடைவதில்லை.

ஊற்றிக் கொடுப்பதிலும் ஒழுங்கு உண்டு. சுவை பார்க்க 60 முதல் 90 மில்லி போதும். ஆல்கஹால் அளவைப் பாட்டிலில் எழுதி ஒட்ட வேண்டும். வீட்டுப் பீர் கடைப் பீரைவிடக் கடுமையாக இருப்பது சாதாரணம். கோதுமை, பால் சர்க்கரை சேர்த்திருந்தால் அதையும் எழுத வேண்டும், ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கலாம். வண்டி ஓட்டிப் போகிறவருக்கு மூடிய பாட்டிலைக் கையில் கொடுத்தனுப்புவதே முறை. குடிக்காதவர்களையும் காய்ச்சும் நாளுக்குத் தாராளமாகக் கூப்பிடலாம். நொதித்தலின் அறிவியலுக்காகவே வருபவர்கள் உண்டு, வெறும் மால்ட் வாசனைக்காக வருபவர்களும் உண்டு. குடியை விட்டவர் ஒருவரை வற்புறுத்துவது மட்டும் மன்னிக்க முடியாத தவறு.

பகிர்ந்த அறிவு பல திசைகளில் போயிருக்கிறது. கலிஃபோர்னியாவின் சிக்கோவில் 1976-ல் வீட்டுப் பீர்ச் சாமான் கடை வைத்திருந்த கென் கிராஸ்மன், 1980-ல் சியர்ரா நெவாடா ஆலையில் பீர் காய்ச்சத் தொடங்கினார்; அமெரிக்கச் சிற்றாலைகளில் பல இப்படி வீட்டு வாளியிலிருந்து எழுந்தவை. வெள்ளை மாளிகைச் சமையலறையும் 2011-ல், தோட்டத்துத் தேன்கூட்டிலிருந்து எடுத்த தேனைச் சேர்த்துப் பீர் காய்ச்சியது. 2012 ஆகஸ்டில் தேர்தல் பிரசாரத்துக்கு ஐயோவா போன ஒபாமா, அங்கே ஒருவருக்கு ஒரு பாட்டிலைக் கொடுத்தார். செய்தி பரவியது, செய்முறையை வெளியிடக் கோரி மனு போட்டார்கள், செப்டம்பர் முதல் தேதி வெள்ளை மாளிகை அதை வெளியிட்டது. அதன்பின் அதே தேன் பீர் எத்தனையோ வீடுகளில் கொதித்தது.

காய்ச்சும் நாளுக்கு வந்து, பாட்டில் அடைத்து, சுவைத்தும் பார்த்த புதியவர் அடுத்துத் தன் வீட்டில் தொடங்குவார். அவருக்கு உடனே எல்லாவற்றையும் வாங்கச் சொல்வது தவறு. வாயுவை மட்டும் வெளியே விடும் ஏர்லாக் பொருத்திய வாளி, சைஃபன் குழாய், ஹைட்ரோமீட்டர், மூடி அழுத்தும் கருவி ஆகியவற்றை முதல் இரண்டு முறைக்கு இரவல் கொடுத்தாலே போதும். செய்முறையும் கூடிச் செய்த அதே ஏலாக இருக்கட்டும். 10 டிகிரிக் குளிரில் வாரக்கணக்கில் காக்க வேண்டிய லாகர் பிறகு வரட்டும். ஈஸ்ட் போட்ட மூன்றாம் நாளோ நான்காம் நாளோ ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது, பீர் செத்துப்போய்விட்டதா என்று அவர் பதறிக்கொண்டு ஃபோன் செய்வார். அநேகமாக எல்லாப் புதியவர்களும் செய்வார்கள். குமிழி நின்றாலும் ஈஸ்ட் உள்ளே வேலையில் இருக்கிறது, மூடியைத் திறக்க வேண்டாம், பத்தாம் நாள் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்க்கலாம் என்பது அதற்குரிய பதில்.